கொழும்புத் தமிழ் வாசகருக்கு எந்தப் புத்தகச் செயலி?

வெள்ளவத்தையில் நாலு வாசகர் சேர்ந்தால் ஒரு வட்ஸ்அப் குழு இருக்கும். "இப்ப என்ன வாசிக்கிறீங்க?" என்று ஒருவர் கேட்டதும் பத்து அட்டைப்படங்கள் வந்து விழும். இரண்டு மாதம் கழித்து அதில் ஒன்றைத் தேடினால் அகப்படாது. படத்துக்குள் இருக்கும் தலைப்பு வட்ஸ்அப் தேடலில் சிக்குவதில்லை. வாசிப்பைப் பதிந்து மற்றவரோடு பகிர குட்ரீட்ஸ், ஸ்டோரிகிராப், லைப்ரரிதிங் என்று மூன்று தளங்கள் உண்டு. மூன்றையும் காசு கட்டாமல் பாவிக்கலாம். தமிழ்நாட்டுப் பதிப்பக நூல்களை மட்டும் வாசிப்பவருக்கு எது என்றாலும் சரி. இலங்கைப் பதிப்புகளை ஏற்றத் தொடங்கும்போதுதான் மூன்றின் குணமும் தெரியவரும்.

2013இல் அமேசன் வாங்கிய குட்ரீட்ஸில்தான் ஆட்கள் அதிகம். யார் எதை, எத்தனையாம் பக்கத்தில் வாசிக்கிறார் என்று பார்க்க அதுவே வசதி. ஆனால் செட்டியார் தெருவில் வாங்கிய நூலின் பட்டைக்குறியை அதன் கமராவில் காட்டினால் பெரும்பாலும் ஒன்றும் வராது. அமேசனில் விற்காத நூலுக்குப் பதிவு இருக்கும் வாய்ப்பு குறைவு. நூலகர் குழுவில் விண்ணப்பம் போட்டுக் காத்திருக்க வேண்டும். ஈழத்து நூல்களுக்கு அங்கே தெரியும் நட்சத்திர சராசரியையும் நம்பாதீர்கள். மூன்று பேர் போட்ட புள்ளிக்குச் சராசரி ஒரு கேடா?

ஒரு நூல் தளத்தில் இல்லை என்று முடிவெடுக்கமுன் சரியாகத் தேடினீர்களா என்று பாருங்கள். இலங்கை நூல்களின் ஐஎஸ்பிஎன் (பட்டைக்குறியோடு இருக்கும் சர்வதேச நூல் எண்) 978-955 அல்லது 978-624 என்று தொடங்கும். இந்திய நூல்கள் 978-81 அல்லது 978-93. பழைய நூல்களில் 955இல் தொடங்கும் பத்து இலக்கம் மட்டுமே இருக்கும். பலர் அதன் முன்னால் 978ஐ ஒட்டிவிட்டுத் தேடுவார்கள். அது பிழை, கடைசி இலக்கமும் மாற வேண்டும். பத்தில் கடைசியை வெட்டி, முன்னால் 978 சேர்த்தால் பன்னிரண்டு இலக்கம் வரும். அவற்றை இடமிருந்து 1, 3, 1, 3 என்று மாறி மாறிப் பெருக்கிக் கூட்டுங்கள். அடுத்த பத்தின் மடங்குக்கு எவ்வளவு குறைகிறதோ அதுதான் பதின்மூன்றாவது இலக்கம். குறைவில்லை என்றால் பூச்சியம்.

ஐஎஸ்பிஎன்னே இல்லாத நூல் என்றால் பெயரால்தான் தேட வேண்டும், அங்கே வேறு தொல்லைகள். ஆசிரியர் பெயர் ரோமன் எழுத்தில் ஏறியிருந்தால் கணேசன் 'ஜி'யிலும் இருப்பார், 'கே'யிலும் இருப்பார். முதலெழுத்துக்குப் பின் இடைவெளி விட்டும் விடாமலும் தேடிப் பாருங்கள். 'ஔ' என்ற எழுத்துக்குப் பதில் ஒ, ள என்று இரண்டாகத் தட்டியவர்களும் நிறையப் பேர். பதிப்பகம் அனுப்பிய கோப்பிலிருந்து தலைப்பை வெட்டி ஒட்டினால், பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டியது ஆங்கிலக் குப்பையாக விழும். யுனிகோடுக்கு மாற்றிவிட்டு ஒட்டுங்கள்.

இலங்கை நூல்களைப் பதியும் வேலைக்கு லைப்ரரிதிங்தான் என் தெரிவு. பார்வைக்குப் பழைய கந்தோர் மாதிரி இருக்கும், 2005இல் தொடங்கிய தளம். ஆனால் இல்லாத நூலை நீங்களே உடனே கையால் பதியலாம், எவரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. பதிப்பாண்டு, பக்க எண்ணிக்கை, வெளியீட்டாளர் தெரியாவிட்டால் ஈழத்து நூல்களின் மின்னூலகமான 'நூலகம்' இணையத்தளத்தில் அந்த நூலின் பக்கத்தைத் திறந்து பார்த்து எழுதுங்கள். கொழும்புப் பதிப்பும் சென்னை மறுபதிப்பும் தனித்தனியாகக் கிடந்தால் உறுப்பினரே ஒரே படைப்பாக இணைக்கலாம். 'வாசித்தது, சொந்தமில்லை' என்று ஆயத்தமாக ஒரு தொகுப்பு இருக்கிறது. 57ஆம் ஒழுங்கைத் தமிழ்ச் சங்க நூலகத்தில் எடுத்து வாசிப்பவர்களுக்கு அது அளவெடுத்துத் தைத்தது. இரவல் கொடுத்தால் யாருக்கு, எந்தத் திகதி என்று குறிக்கவும் இடமுண்டு. இந்த ஊரில் அந்த ஒரு வசதிக்காகவே கணக்குத் திறக்கலாம்.

குழுவாக ஒரு நூலை வாசிக்க ஸ்டோரிகிராப். ஒருவர் 120ஆம் பக்கத்தில் எழுதும் குறிப்பு, அந்தப் பக்கத்துக்கு வராதவருக்குப் பூட்டியே இருக்கும். கதை முடிவு உடையாது. தொடங்கமுன் எல்லாரும் ஒரே பதிப்பைத் தெரிவுசெய்வது நல்லது, பக்கக் கணக்கில் குழப்பம் இராது. கால் நட்சத்திரம் வரை புள்ளி போடலாம், குட்ரீட்ஸில் முழு நட்சத்திரம் மட்டும். பாதியில் விட்ட நூலுக்கும் இங்கே தனி நிலை உண்டு. மனநிலை வட்டப்படங்கள் பார்க்க அழகு, தமிழ் நூல்களுக்குப் போதிய தரவு இல்லாததால் பயன் சொற்பம்.

குட்ரீட்ஸிலிருந்து மாறுவோர் போனை விட்டுக் கணினி உலாவியில் நுழைந்து, 'மை புக்ஸ்' பக்கத்தில் 'இம்போர்ட் அண்ட் எக்ஸ்போர்ட்' வழியாகக் கோப்பை இறக்க வேண்டும். இறக்கியதை எக்செலில் நேரே திறக்காதீர்கள். தமிழ்த் தலைப்புகள் சிதைந்து தெரியலாம், அப்படியே சேமித்தால் போனது போனதுதான். திறந்து பார்க்கத்தான் வேண்டுமென்றால் எக்செலின் தரவு இறக்குமதி வழியாக யுடிஎப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தைத் தெரிவுசெய்து திறவுங்கள். ஸ்டோரிகிராப்புக்கும் லைப்ரரிதிங்குக்கும் கைபடாத மூலக் கோப்பையே கொடுங்கள். ஏற்றி முடிந்ததும் 955, 624 நூல்களை மட்டும் ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள், விடுபடுவது பெரும்பாலும் அவைதான்.