ஒரு கிலோ என்று அச்சடித்த டம்பெல்: ராமநாதபுரம் பக்கம் இருப்பவர்கள் கவனத்துக்கு

தோள்பட்டை இறுக்கம், கை முறிவு, பக்கவாதம் என்று எதற்குப் பிறகாவது வீட்டிலேயே பயிற்சி செய்யச் சின்ன டம்பெல் வாங்கப் போகிறவர்கள் இதை முழுசாகப் படியுங்கள். ராமநாதபுரம் டவுனில் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் என் அம்மாவுக்காக வாங்கிய ஜோடியில் எடையும் ஏமாற்று, உள்ளே இருந்த சரக்கும் ஏமாற்று. கேட்கப் போனபோது மனுஷியாகவே மதிக்கவில்லை.

அம்மாவுக்கு அறுபது நெருங்குகிறது, சர்க்கரை உண்டு. பாம்பன், மண்டபம் பக்கத்துப் பெண்கள் நிறையப் பேரைப் போல அவரும் விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு கடலுக்குள் இறங்கிப் பாசி எடுத்தவர். முயல் தீவு, மணலித் தீவுப் பாறைகளில் வேலை செய்த அந்த வலது கை, ஒரு கட்டத்தில் தலை பின்னக்கூட மேலே போகாமல் நின்றுவிட்டது. ஃப்ரோசன் ஷோல்டர் என்றார்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு இது அதிகம் வரும். முதலில் வலி, பிறகு இறுக்கம், பிறகு மெல்ல மெல்ல இளகுவது என்று வருஷக் கணக்கில் இழுக்கும். வலி கொதிக்கிற நேரத்தில் எடை தூக்கவே கூடாது. குனிந்து நின்று கையைத் தொங்கவிட்டு ஆட்டுவது, சுவரில் விரலால் மேலே ஏறுவது என்றுதான் ஆரம்பித்தார்கள். கை ஓரளவு இளகிய பிறகுதான் பிசியோதெரபி பார்க்கும் பெண் நோட்டில் எழுதிக் கொடுத்தார்: முதலில் அரைக் கிலோ, பிறகு ஒரு கிலோ, அதற்கு மேல் என்னைக் கேட்காமல் போகக் கூடாது.

அந்த நோட்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் கடைக்குப் போனேன். கடைக்காரர் அதைப் பார்க்கவே இல்லை. "அரைக் கிலோல்லாம் சின்னப் புள்ளைக வெளையாடுறதுக்கா. ஒரு கிலோல்ல ஆரம்பிச்சாத்தான் கைக்கு வலு ஏறும். முழு இரும்பு, மேல ரப்பர் கோட்டிங். உப்புக் காத்துக்குத் துருவே பிடிக்காது," என்றார். அரைக் கிலோ வேண்டும் என்று மறுபடியும் கேட்டதற்கு ஸ்டாக் இல்லை, யாரும் இறக்குவதும் இல்லை என்று முடித்துவிட்டார். அரைக் கிலோ கைக்குப் பழகும் வரை தண்ணீர் பாட்டிலை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம், அடுத்த கட்டத்துக்கு இருக்கட்டும் என்று பச்சை நிற ஒரு கிலோ ஜோடியை வாங்கினேன். 700 ரூபாய். பில் கேட்டால் 'எஸ்டிமேட்' என்று எழுதிய வெள்ளைத் துண்டுச் சீட்டு வந்தது. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று அதில் சீல் வேறு.

பாட்டிலில் அம்மாவுக்கு நன்றாகவே போனது. அரை லிட்டர் தண்ணீர் அரைக் கிலோ, இதில் யாரும் ஏமாற்ற முடியாது. டம்பெலுக்கு மாறிய பிறகுதான் சிக்கல். வலது கை இரவெல்லாம் குடைகிறது, தூக்கம் இல்லை. மறுநாள் சீப்பு பிடிக்கக்கூட முடியவில்லை. "இதுல ஒண்ணு மட்டும் கனமா இருக்குடி," என்றார் அம்மா. காலமெல்லாம் ஈரப் பாசியைச் சாக்கில் கட்டி எடை போட்டுக் கொடுத்த கை. அது தப்பாகச் சொல்லாது என்று எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டில் நண்டு வியாபாரம் பார்க்கும் அண்ணனிடம் வருஷா வருஷம் முத்திரை போடுகிற எலக்ட்ரானிக் தராசு இருக்கிறது. அதில் வைத்தோம். ஒன்று 1 கிலோ 240 கிராம். இன்னொன்று 870 கிராம். இரண்டிலும் ஒரே அச்சு: 1 கேஜி.

இதில் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். தோளைத் திருப்பிப் பிடித்து நிறுத்தும் தசைகள் நான்கும் சின்னத் தசைகள். மூட்டுக்கு மிக அருகில் அவை எலும்பைப் பற்றியிருக்கின்றன, எடையோ கையின் நுனியில் இருக்கிறது. துடுப்பின் கடைசியில் ஒரு சின்னக் கல்லைக் கட்டினாலும் பிடித்திருப்பவன் மணிக்கட்டுக்கு அது தெரியும் இல்லையா, அதே கணக்குத்தான். கையை நீட்டித் தூக்கும்போது நுனியில் கூடுகிற 240 கிராம் தோளில் பல மடங்காக இறங்கும். நல்ல தோளுக்கு அது ஒன்றுமில்லை. இளகிக்கொண்டிருக்கிற தோளுக்கு அது பல வாரப் பயிற்சியைப் பின்னால் தள்ளிவிடும். அம்மாவுக்கு அப்படித்தான் ஆனது. மறுபடியும் சுவரில் விரல் ஏற்றுவதில் இருந்து தொடங்கினார்.

எடை போட்டபோதே ஓரத்தில் ஒட்டு விட்டிருந்ததைக் கவனித்தோம். அண்ணன் கத்தி முனையால் லேசாக நெம்பினார். சாம்பல் நிறப் பொடி கொட்டியது. இரும்பு இல்லை, ரப்பர் இல்லை. பிளாஸ்டிக் கூட்டுக்குள் சிமென்ட் கலவை. சிமென்ட் நிரப்பிய டம்பெல் விற்பது குற்றம் என்று நான் சொல்லவில்லை. அது மலிவாகக் கிடைக்கிற சரக்கு, அப்படியே சொல்லி, எடை சரியாக இருந்து விற்றால் வாங்குகிறவர்கள் வாங்கட்டும். இரும்பு என்று சொல்லி இரும்பு விலைக்கு விற்றதுதான் அநியாயம்.

திரும்பக் கொண்டுபோனேன். "இது எக்சர்சைஸ் சாமான்க்கா, தங்கமா என்ன, கெராம் பாத்து விக்க?" என்றார் கடைக்காரர். கூட்டை நெம்பியதால் இனி மாற்றித் தரவும் முடியாதாம். வேண்டுமானால் கூட 900 போட்டு, கம்பியில் தட்டு மாட்டுகிற செட்டை எடுத்துக்கொள்ளச் சொன்னார். அந்தச் செட்டையும் பார்த்தேன். தட்டு மாட்டாத வெறும் கம்பியே பெரும்பாலும் ஒரு கிலோவைத் தொட்டுவிடும். அரைக் கிலோ தேவைப்படுகிற கைக்கு அது எதற்கு? மேலும் நம் கரையில் அந்தத் திருகாணி மரையில் துரு ஏறினால் நட்டு முழுதாக இறங்காது. தலைக்கு மேல் தூக்கும்போது தட்டு கழன்றால் யார் பதில் சொல்வது?

நான் வாதாடிக்கொண்டிருந்தபோதே ஒரு பெண் தன் மதினியோடு வந்து, கைச் சதை குறைய எது வாங்கலாம் என்று கேட்டார். அதே பச்சை ஜோடியைத்தான் எடுத்துக் காட்டினார்கள். "டெய்லி நூறு தடவ தூக்குங்க, ஒரே மாசத்துல கை சிக்குனு ஆயிரும்." இது பொய். கையை அசைத்தால் கையில் இருக்கிற கொழுப்பு மட்டும் கரைவதில்லை. உடம்பு கொழுப்பை எங்கிருந்து எடுக்கும் என்பதை நாம் தீர்மானிக்க முடியாது. தசை திரளவேண்டும் என்றால், கை சோர்கிற அளவு எடை வேண்டும், அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டவும் வேண்டும். கூடவே சாப்பாடும் நடையும். அவர்களிடம் நான் சொல்லிவிட்டேன், வாங்காமல் போனார்கள். கடைக்காரருக்கு என் மேல் கோபம் இன்னும் கூடியது.

கடையின் பெயரை இங்கே போடவில்லை, புகார் நடக்கிறது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசிப் பதிவு செய்தேன். எடைக் குறைவை விசாரிக்கத் தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவிலும் மனு கொடுத்தாயிற்று. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராமல் இருப்பதே முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப வாங்கிப் பணம் தர மறுப்பதும் அப்படியே. 'திரும்பப் பெறப்பட மாட்டாது' என்ற சீலைக் காட்டி இதை மறுக்க முடியாது. நுகர்வோர் ஆணையத்துக்குப் போனாலும் ஐந்து லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்றும் இல்லை. நான் ஜிபே மூலம் பணம் கட்டியிருந்ததால் துண்டுச் சீட்டைத் தாண்டி ஒரு ஆதாரம் கையில் இருந்தது. நீங்களும் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள்.

வாங்கும்போது தராசு கேளுங்கள், தயங்காமல் கேளுங்கள். இரண்டையும் தனித்தனியே நிறுக்கச் சொல்லுங்கள். ஜோடியாக வைத்தால் ஒன்றின் குறை இன்னொன்றின் கூடுதலில் மறைந்துவிடும். எங்கள் ஜோடியைச் சேர்த்து வைத்தால் 2 கிலோ 110 கிராம்தான் காட்டியிருக்கும், யாருக்கும் சந்தேகம் வந்திருக்காது. சொல்லுகிற விலை ஒன்றுக்கா ஜோடிக்கா என்பதையும் முதலிலேயே கேளுங்கள். பெட்டியில் அடைத்து வருகிற சரக்கு என்றால் தயாரித்தவர் முகவரி, நிகர எடை, அதிகபட்ச விலை, மாதம், வருஷம் எல்லாம் அச்சில் இருக்கவேண்டும். உருண்டைத் தலை வேண்டாம். அறுகோணத் தலை என்றால் சிமென்ட் தரையில் உருண்டு வயதானவர் காலில் இடறாது. பளபளக்கும் குரோம் பூச்சு கடலோரத்தில் நிற்காது, உரிந்து அடியில் துரு தெரியும். வார்ப்பிரும்பின் மேல் கிழிசல் இல்லாத நியோபிரின் என்ற செயற்கை ரப்பர் உறை போட்டது பரவாயில்லை, உபயோகித்த பிறகு ஈரம் போகத் துடைத்து வைக்கவேண்டும்.

பிடிமானமே இல்லாத கைக்கு டம்பெலைவிட மணிக்கட்டில் ஒட்டிக் கட்டுகிற வெயிட் கஃப் நல்லது. பிசியோதெரபி பெண்தான் இதைச் சொன்னார். சர்ஜிக்கல் கடையில் அரைக் கிலோவிலேயே கிடைத்தது, பில்லோடு. அங்கேயே நிறுத்துப் பார்த்துத்தான் வாங்கினேன். இப்போது அம்மா அதில்தான் செய்கிறார்.

கூட்டின் நடுவே ஒட்டுக்கோடு ஓடுகிற, தட்டினால் கிணுங்காமல் மொத்தென்று சத்தம் வருகிற பச்சை ஜோடி உங்கள் வீட்டில் இருந்தால், அடுத்த தடவை தூக்குவதற்கு முன் பக்கத்து மளிகைக் கடைத் தராசிலாவது ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள். எடை மாறினால் தராசு காட்டுகிற எண்ணோடு சேர்த்துப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு 1915-க்குப் பேசுங்கள்.