வில்லியம்ஸ் எஃப்டபிள்யூ14 மாடல் காருக்கு மாற்றுப் பாகங்கள் என்று 11,400 ரூபாய் பிடுங்கிவிட்டார்கள், உஷார்!

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். டமியா கம்பெனியின் 1/20 அளவு வில்லியம்ஸ் எஃப்டபிள்யூ14பி ஃபார்முலா ஒன் பந்தயக் கார் பிளாஸ்டிக் மாடல் கிட் வைத்துக்கொண்டு, அதை 1991ஆம் வருட எஃப்டபிள்யூ14 ஆக மாற்ற டிரான்ஸ்கிட் (ஒரு மாடலை வேறொன்றாக மாற்றும் பாகங்களின் தொகுப்பு) தேடுகிறவர்கள் தயவுசெய்து முழுசாகப் படியுங்கள். சமூக ஊடகத்தில் குழு நடத்தி, வெளிநாட்டு மாடல் பாகங்களை வரவழைத்து விற்கும் ஒருவரிடம் என் 11,400 ரூபாய் போய்விட்டது.

14பி, 1992இல் வில்லியம்ஸ் அணி ஓட்டுநர் மான்செல் 9 பந்தயங்களை ஜெயித்து சாம்பியன் ஆன கார். எனக்கு வேண்டியது முந்தைய வருடத்துக் கார். 1991 சில்வர்ஸ்டோன் பந்தயத்தில் கடைசிச் சுற்றில் எரிபொருள் தீர்ந்து நின்றுபோன போட்டி அணி ஓட்டுநர் சென்னாவை, ஜெயித்த மான்செல் தன் காரின் பக்கவாட்டில் உட்காரவைத்துக் கூட்டிவந்தாரே, அந்தக் கார். சின்ன வயதிலிருந்து அந்தப் படத்தின் மேல் எனக்கு அப்படி ஒரு ஆசை. தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். வித்தியாசம் முன்பக்கத்தில்தான் தெரியும். 14பி-யில் கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் ஹைட்ராலிக் ஆக்டிவ் சஸ்பென்ஷன் இருந்ததால், முன் சஸ்பென்ஷனுக்கு மேலே இரண்டு புடைப்புகள் இருக்கும். 14இல் வழக்கமான ஸ்பிரிங்கும் அதிர்வைத் தணிக்கும் டாம்பரும்தான், அந்த இடம் வழவழவென்று இருக்கும். அந்தப் புடைப்பு போகாவிட்டால் எந்த டெக்கால் (ஒட்டுப்படம்) ஒட்டினாலும் அது 1992 கார்தான்.

நான் ஏன் நம்பினேன் தெரியுமா? இந்தப் புடைப்பு விஷயத்தை நான் வாயைத் திறப்பதற்கு முன்பே அவர் சொன்னார். "ப்ரோ, நிறைய பேர் டெக்கால் மட்டும் மாத்திட்டு விட்டுடுவாங்க. இதுல முன்பக்கம் மேல்பாகமே புதுசா ரெசின்ல வருது, ராக்கர், டாம்பர் எல்லாம் வொயிட் மெட்டல்" என்றார். ரெசின் என்பது அச்சில் ஊற்றி இறுகவைக்கும் பிசின், ராக்கர் சஸ்பென்ஷனின் ஒரு பாகம், வொயிட் மெட்டல் எளிதில் உருகும் வார்ப்பு உலோகம். பச்சை கட்டிங் மேட் மேல் பாகங்களைப் பரப்பிவைத்து போட்டோ அனுப்பினார். அதில் புடைப்பே இல்லை. இவ்வளவு நுணுக்கம் தெரிந்தவர் ஏமாற்றுவார் என்று யாருக்குத் தோன்றும்? முழுப் பணம் முன்கூட்டியே வேண்டும் என்றார். யுபிஐ-யில் 11,400 அனுப்பினேன்.

வந்தது என்ன? ரெசின் மேல்பாகத்தில் இரண்டு புடைப்பும் அப்படியே இருந்தன! திருப்பிப் பார்த்தால் உள்பக்கம் சின்னச் சின்ன வட்டத் தடங்கள். பிளாஸ்டிக் கிட்டை மோல்டிலிருந்து ஊசி தள்ளும்போது விழும் தடம் அது. ரெசின் வார்ப்பில் அதற்கு வேலையே இல்லை. அதாவது, டமியா பாகத்தையே சிலிக்கானில் அச்செடுத்து ரெசின் ஊற்றியிருக்கிறார்கள். என் பெட்டியிலேயே இருக்கும் பாகத்தின் கள்ள நகலை எனக்கே விற்றிருக்கிறார்! அதுவும் சுருங்கிப்போய், கிட்டின் பாகத்தைவிட ஒரு மில்லிமீட்டருக்கு மேல் குட்டை. கீழ்பாகத்தோடு சேரவே சேராது. ஓரம் முழுக்கக் காற்றுக் குமிழி ஓட்டைகள். வொயிட் மெட்டல் என்று ஒரு பொட்டுகூட இல்லை.

டெக்கால் அதைவிடக் கொடுமை. தாளின் ஓரத்திலிருந்து ஒரு மஞ்சள் துண்டை வெட்டி, நீலம் அடித்த பழைய பாகத்தில் ஒட்டிப் பார்த்தேன். அடியில் வெள்ளை அச்சே இல்லாததால் பச்சையாகத் தெரிந்தது. விரலால் தொட்டதும் மை கரைந்து வந்தது. வீட்டு பிரிண்டரில் அடித்த தாள்.

கேட்டதற்கு முதலில், "ரெசின்னா அப்படித்தான் ப்ரோ, வெந்நீர்ல போட்டு வளைச்சா சரியாயிடும்" என்றார். வளைந்திருந்தால் வெந்நீர் உதவும், சுருங்கியதை எந்த வெந்நீர் நீட்டும்? அப்புறம், "சப்ளையர்ட்ட பேசிட்டுச் சொல்றேன்." அப்புறம், "பார்சல் பிரிச்ச வீடியோ இருக்கா சார்?" இருந்தது, அனுப்பினேன். பார்த்தார், பதில் இல்லை. குழுவில் போட்டோவோடு கேட்டேன். பதிவை அழித்து என்னையும் வெளியே தள்ளிவிட்டார். இப்போது அதே போட்டோவைப் போட்டு "லாஸ்ட் பீஸ்" என்று விற்றுக்கொண்டிருப்பதாக நண்பர் சொல்கிறார். அதனால்தான் இந்த அவசரம். 11,400 ரூபாய்! அந்தப் பணத்துக்கு இன்னொரு நல்ல கிட்டே வாங்கியிருக்கலாம்.

டிரான்ஸ்கிட் எப்படிப் பார்த்து வாங்குவது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது மனசு ஓடவில்லை. இவ்வளவு மட்டும் சொல்கிறேன். பாகத்தின் உள்பக்கப் படம் கேளுங்கள், வட்டத் தடம் இருந்தால் நகல். உங்கள் பெயரும் தேதியும் எழுதிய சீட்டைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், என்னிடம் காட்டியது யாருடைய பாகமோ. முழுப் பணம் முன்னால் கொடுக்காதீர்கள். பணம் போய்விட்டால் உடனே 1930க்கு அழையுங்கள், நுகர்வோர் புகாருக்கு 1915. நான் இரண்டிலும் கொடுத்திருக்கிறேன். இதே ஆளிடம் மாட்டியவர்கள் இருந்தால் ஸ்கிரீன்ஷாட்டை அழிக்காமல் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள், புகாரில் சேர்க்க வேண்டும்.