இரவு இரண்டும் பகல் இரண்டும்

கப்பலின் எஞ்சின் அறையில் எனக்கு 12–4 வாட்ச், அதாவது காவல் முறை. நள்ளிரவு 12 முதல் 4, மறுபடி நண்பகல் 12 முதல் 4. எஞ்சின் அறையில் சூரியன் தெரியாது. இரண்டு வாரம் போனால், கடிகாரம் காட்டும் இரண்டு மணி எந்த இரண்டு மணி என்று உடம்பே குழம்பிவிடும். ஆறு வருடம் அப்படிக் கழித்த பிறகு கிளைசின் ஏர்மேன் நம்பர் 1 என்ற கைக்கடிகாரம் வாங்கினேன்.

1953-ல் விமானிகளுக்காக வந்த சுவிஸ் கடிகாரத்தின் மறுபதிப்பு இது. பாங்காக்கிலிருந்து கல்கத்தாவுக்குப் பறந்த விமானத்தில் ஒரு விமானி சொன்ன யோசனையில் பிறந்தது என்பார்கள். அகலம் 36 மி.மீ.தான், என் ஒல்லி மணிக்கட்டுக்கு அளவெடுத்ததுபோல் இருக்கிறது. மணிமுள் நாளுக்கு ஒரே சுற்று. உச்சியில் 24, அடியில் 12. இரவு இரண்டுக்கு முள் மேலே வலப்பக்கம் சாய்கிறது. பகல் இரண்டுக்கு நேர் எதிரே, கீழே இடப்பக்கம். எனக்கு வேண்டியிருந்தது இதுதான். ஓடும் இயந்திரத்தருகே கையில் கட்டுவதில்லை. கன்ட்ரோல் ரூமில் லாக் புத்தகத்தின் மேல் கழற்றி வைத்துவிடுவேன். தூரத்திலிருந்து பார்த்தாலே பொழுது தெரியும்.

டயலைச் சுற்றியுள்ள வளையத்திலும் 24 மணி உண்டு. அதைத் திருப்பி வைத்தால் அதே முள் இன்னோர் ஊரின் நேரத்தையும் காட்டும். நமக்கும் கிரீன்விச்சுக்கும் ஐந்தரை மணி நேர வித்தியாசம். மணிக்கு ஒரு கிளிக் வைத்த வளையங்களில் இந்த அரை மணி எங்குமே உட்காராது. இதில் கிளிக்கே இல்லை. வளையத்தின் 24-ஐ டயலின் 5-க்கும் 6-க்கும் நடுவே கொண்டுவந்து, பக்கத்துச் சின்னத் திருகை இறுக்கினால் அசையாது. ராயபுரம் ரயில் நிலையம் 1856-ல் திறந்தபோது சென்னையின் நேரம் கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் முன்னால் இருந்தது. ஒரு ராத்திரி அதையும் வைத்துப் பார்த்தேன். வளையத்தில் ஒரு மயிரிழை வித்தியாசம்தான்.

பழகக் கொஞ்ச நாள் ஆகும். ஒரு மணி நேரத்தில் மணிமுள் 15 பாகைதான் நகர்வதால், நிமிட முள்ளையும் சேர்த்துப் பார்த்தால்தான் மணி சரியாகப் பிடிபடும். வண்ணாரப்பேட்டையில் பட்டை மாற்றக் கொடுத்த கடையில், பாதி வேகத்தில் ஓடுகிறது, திறந்து பார்க்கட்டுமா என்று கேட்டார்கள். பதறிப்போய் வாங்கிக்கொண்டேன்.

ஒருநாள் காலை பத்து மணிக்கு அம்மா எட்டிப் பார்த்து, "ஐந்துதானா ஆகிறது?" என்றார். அவருக்குப் பழகிய ஐந்தின் இடத்தில் முள் நின்றிருந்தது. பக்கத்தில் உட்காரவைத்து டயலில் இரண்டு துண்டுகளைக் காட்டினேன்: உச்சியிலிருந்து வலப்பக்கம் நான்கு மணி, அடியிலிருந்து இடப்பக்கம் நான்கு மணி. முள் இந்த இரண்டில் இருக்கும்போது நான் கீழே எஞ்சினோடு இருப்பேன் என்றேன்.

"தூங்குவது எந்தத் துண்டில்?" என்று கேட்டார். 5-க்கும் 11-க்கும் நடுவே விரலை வைத்துக் காட்டினேன்.