240இசட் மட்கார்டு வேலை: பில்லில் ஸ்டீல், வண்டியில் ஃபைபரும் பட்டியும்

பழைய ஸ்போர்ட்ஸ் காரின் மட்கார்டை அகலப்படுத்தி ஹெட்லைட்டையும் மாற்றித் தருகிறோம் என்று சொல்லும் பட்டறைகள் இங்கிலாந்தில் நிறைய. நல்ல கைகளும் இருக்கின்றன. எனக்கு வாய்த்தது மிட்லாண்ட்ஸ் பக்கம் உள்ள ஒன்று. விவகாரம் இன்னும் முடியாததால் பெயர் போடவில்லை. இந்த வேலையில் எங்கெங்கே கை வைப்பார்கள் என்று தெரிந்துகொள்ளப் பெயர் தேவையும் இல்லை.

வண்டி 1972 டட்சன் 240இசட், ஆரஞ்சு, கலிஃபோர்னியாவிலிருந்து இறக்கியது. இந்த மாடலுக்குத் துரு என்றால் தீராத வியாதி. அதனால்தான் பலரும் அமெரிக்காவின் வறண்ட பகுதிகளில் ஓடிய வண்டியாகத் தேடுகிறோம். டட்சன் என்ற பெயரில் வண்டி விற்ற நிசான் 1971-இல் ஜப்பானில் மட்டும் 240இசட்ஜி என்று ஒன்று விட்டது. நீண்ட மூக்கு, ஹெட்லைட்டுக்கு மேல் கண்ணாடி போன்ற மூடி, நாலு சக்கரத்துக்கும் மேலே தனியாக மாட்டிய அகல ஃபெண்டர். மூக்கு எனக்கு வேண்டாம், அந்த அகலம் மட்டும் வேண்டும். அதுவும் ஸ்க்ரூ தெரியாமல், ஸ்டீலில் அடித்து, பாடியோடு வெல்டிங் செய்து. ஒரிஜினலைக் கெடுக்கிறாய் என்று திட்டுபவர்கள் திட்டலாம், என் ரசனை அது.

ஹெட்லைட் மாற்றியே ஆக வேண்டும். அமெரிக்க சீல்டு பீம் (பல்பும் லென்ஸும் ஒன்றாக மூடிய லைட்) அந்த ஊருக்கானது; இங்கே இடது பக்கம் ஓட்டும்போது அதன் டிம் வெளிச்சம் எதிரே வருபவர் பக்கம் போகும். ஆகவே இடது பக்கப் போக்குவரத்துக்கான, ஐரோப்பிய அங்கீகாரமான ஈ-முத்திரை உள்ள எச்-4 (டிம்மும் பிரைட்டும் ஒரே பல்பில்) லைட், ரிலே வைத்த வயரிங்கோடு; சுவிட்சுக்குப் பதிலாகப் பெரிய கரண்டைத் தாங்குவது ரிலே. மட்கார்டுக்கு ஸ்டீல், பின் ஆர்ச்சை (சக்கரத்துக்கு மேலுள்ள வளைவை) வெட்டினால் உள் தகடும் வெளித் தகடும் வெல்டிங்கில் மூடப்படும். எல்லாம் மின்னஞ்சலில் எழுத்தாகவே இருந்தது. மொத்தம் 8,400 பவுண்டு. 3,000 முன்பணம் கிரெடிட் கார்டில் கொடுத்தேன்.

அப்புறம் வழக்கமான கதை. அடுத்த வாரம், அதற்கடுத்த வாரம். வெல்டிங் முடிந்ததும் பட்டி போடுவதற்கு முன் படம் அனுப்புங்கள் என்று கேட்டேன். "பெயிண்ட் பூத்துக்குள் போய்விட்டதே" என்றார் ஓனர். நேரில் வருகிறேன் என்றால் இன்ஷூரன்ஸ் விதிப்படி உள்ளே விட முடியாதாம். வாசல் வரை கொண்டுவந்து காட்டவும் மனமில்லை. மீதிப் பணம் கட்டினால்தான் சாவி. இங்கே பட்டறைக்காரர் தன் கூலிக்காக வண்டியைப் பிடித்து வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. அதனால் "ஆட்சேபத்துடன் கட்டுகிறேன்" என்று மின்னஞ்சல் அனுப்பிவிட்டு மீதியைக் கட்டி வண்டியை எடுத்தேன். அந்த ஒரு வரி பிறகு ரொம்ப உதவுகிறது.

பார்க்க வண்டி அள்ளியது, அதை மறைக்க மாட்டேன். பளபளவென்று, ஃபெண்டர் வளைவு தண்ணீர் போல இறங்கியது. இருட்டிய பிறகுதான் வேஷம் கலைந்தது. டிம்மில் போகிறேன், எதிரே வருபவர்கள் எல்லாரும் பிரைட் அடித்துத் திட்டுகிறார்கள். கொஞ்ச நேரத்தில் ஸ்டீயரிங் பக்கம் பிளாஸ்டிக் கருகும் நெடி. ஹெட்லைட் சுவிட்சைத் தொட்டால் கை சுட்டது.

லண்டன் ஹாரோவில் எம்.ஓ.டி என்ற ஆண்டு வாகனத் தகுதிச் சோதனை செய்யும் யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவரிடம் கொண்டுபோனேன். வண்டிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து லென்ஸைத் துடைத்தார்.

"தம்பி, இதில அம்புக்குறி ஏதும் இருக்கோ எண்டு பாருங்கோ."

"இல்லையே அண்ணை."

"அப்ப இது பிரான்ஸ் ரோட்டுக்குச் செய்த லைட். எங்கட ரோட்டுக்கு எண்டால் அம்பு இருக்க வேணும்."

ஈ-முத்திரை உள்ள லைட்டில் இது எளிய அடையாளம். இடது பக்கப் போக்குவரத்துக்கான லென்ஸில், முன்னால் நின்று பார்ப்பவருக்கு வலப்பக்கம் காட்டும் அம்பு இருக்கும். இரு பக்கமும் காட்டினால் இரண்டுக்கும் பொது. அம்பே இல்லையென்றால் வலது பக்கம் ஓட்டும் நாடுகளுக்கு மட்டுமானது. டிம் வெளிச்சம் ஒரு பக்கம் சாய்வாக மேலே ஏறும். நம் பக்கம் நடைபாதையைக் காட்டத்தான் அந்த ஏற்றம். என் வண்டியில் அது எதிர்ச்சாரி டிரைவரின் கண்ணில் ஏறிக்கொண்டிருந்தது. அமெரிக்க லைட்டை மாற்றக் காசு கொடுத்து அதே கோளாறைத் திரும்ப வாங்கியிருக்கிறேன்.

பல்பைக் கழற்றினால் 100/90 வாட். சாலைக்கு உரிய எச்-4 பல்பு 60/55தான். கணக்குப் போட்டுப் பாருங்கள்: பிரைட்டில் இரண்டு 60 வாட் பல்பு 12 வோல்ட்டில் இழுப்பது 10 ஆம்பியர், இரண்டு 100 வாட் இழுப்பது கிட்டத்தட்ட 17. இந்த டட்சனில் கம்பெனி ரிலே கிடையாது; அத்தனை கரண்டும் ஐம்பது வயதான அந்தச் சின்ன சுவிட்ச் வழியாகத்தான் போக வேண்டும். அதற்காகத்தான் ரிலே கேட்டிருந்தேன்.

ரிலே இருந்தது! பானெட்டைத் திறந்தால் மட்கார்டு உள்பக்கம் இரண்டு புது ரிலே, ஸ்க்ரூ போட்டு வரிசையாக மாட்டியிருக்கிறது. அடியில் விரலை விட்டுத் தடவினால் ஒரு வயர்கூடச் செருகவில்லை. வெறும் அலங்காரம். இந்த வண்டியில் டிம், பிரைட் மாற்றம் எர்த் (கரண்ட் திரும்பும்) பக்கம் நடக்கிறது. அதனால் கடையில் கிடைக்கும் சாதாரண ரிலே கிட்டை அப்படியே செருகினால் ஒத்துவராது. முயன்று பார்த்து விட்டுவிட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். விட்டதைச் சொல்லியிருக்கலாம். பில்லில் ரிலேவுக்குத் தனி வரியே இருக்கிறது.

லைட்டில் இவ்வளவு என்றால் மற்றது எப்படியோ என்று அண்ணை டூல் பாக்ஸிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்தார். கதவில் ஒட்டியது. பின் ஆர்ச்சில் வைத்தார், வழுக்கி விழுந்தது. முன் ஆர்ச்சிலும் அப்படியே.

"உது தகரமில்லைத் தம்பி. ஃபைபர்."

உள்ளே இருந்து ஓரத்தைச் சுரண்டியபோது முழுக்கதையும் வந்தது. ஃபைபர் ஃபெண்டரைப் பழைய தகட்டின் மேல் வைத்து, நாலைந்து ஸ்க்ரூவில் பிடித்து, சேரும் இடத்தைப் பட்டியால் மெழுகியிருக்கிறார்கள். பட்டி 3 மில்லிமீட்டருக்குள் இருந்தால் நிற்கும். இங்கே என் சுண்டுவிரல் கனம். வெயிலில் ஃபைபரும் தகடும் ஒரே அளவில் விரிவதில்லை, அதனால் சேரும் கோட்டில்தான் முதலில் வெடிக்கும். இடது பின்பக்கம் மயிரிழை போல ஒரு கோடு அப்போதே ஓட ஆரம்பித்திருந்தது.

இதையெல்லாம்கூட அழகுக் கோளாறு என்று விடலாம். உள்ளே செய்திருப்பது துரோகம். 240இசட்டின் முன் மட்கார்டு போல்ட்டில் கழன்று வரும். பின் ஆர்ச் பாடியின் பகுதி. வெளித் தகடும் சக்கரக் கூட்டின் உள் தகடும் ஆர்ச் விளிம்பில் ஒட்டியிருக்கும். அகலப்படுத்த விளிம்பை வெட்டினால் இரண்டுக்கும் நடுவே வாய் திறந்துவிடும். அதை வெல்டிங்கில் மூடி சீலர் அடிப்பதுதான் இந்த வேலையின் பாதிக் கூலி. இவர்கள் அந்த வாயில், ஜன்னல் சட்டத்துக்கு அடிக்கும் ஃபோமை அடித்து, மேலே கறுப்பு பெயிண்ட் பூசியிருக்கிறார்கள். ஸ்க்ரூடிரைவரால் குத்தியதும் மஞ்சள் கட்டி கட்டியாக வந்தது, சில கட்டி ஈரமாக. சக்கரம் வாரி அடிக்கும் தண்ணீர் எல்லாம் அதில் ஊறி, கதவுக்குக் கீழே ஓடும் சட்டமான 'சில்' வரை உள்ளிருந்தே அரிக்கும். கலிஃபோர்னியாவில் ஐம்பது வருஷம் துருப்பிடிக்காத தகட்டை நாசமாக்க இங்கே ஒரு குளிர்காலம் போதும். ஃபோம் தீப்பிடிக்கும் என்பதால் முழுக்கச் சுரண்டி எடுக்காமல் மறு வெல்டிங்கும் செய்ய முடியாது.

போன் செய்தேன். "ஸ்டீல் ஃபினிஷ் என்ற அர்த்தத்தில் எழுதியது" என்றார் ஓனர். லைட்டைப் பற்றிக் கேட்டதும், "நாற்பது வருஷம் தாண்டிய வண்டிக்கு எம்.ஓ.டி-யே தேவையில்லையே, யார் பார்க்கப் போகிறார்கள்?" என்றார். அந்த விலக்கு உண்மைதான், வண்டியைப் பெரிதாக மாற்றாதவரை. ஆனால் ஆபத்தான நிலையில் ஓட்டினால் 2,500 பவுண்டு வரை அபராதமும் லைசென்ஸில் பாயிண்டும் ஓட்டுகிற எனக்குத்தான், அவருக்கு இல்லை. ஆண்டுச் சோதனை இல்லாத வண்டிகளாகப் பார்த்து இந்தப் பட்டறைகள் குறிவைக்கின்றன என்பது என் சந்தேகம்.

இதேபோல வண்டி கொடுத்திருப்பவர்கள் கவனிக்க: அவசரப்பட்டு வேறு இடத்தில் பிரித்துவிடாதீர்கள். முதலில் தனி இன்ஸ்பெக்டரிடம் படத்தோடு அறிக்கை வாங்குங்கள். 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி வேலையைத் திரும்பச் சரியாகச் செய்து தரச் சொல்லலாம். அது நடக்காவிட்டால் விலைக் குறைப்புக் கேட்கலாம். கார்டில் ஒரு பகுதி கட்டியிருந்தாலும், வேலையின் விலை 100 பவுண்டுக்கு மேல் 30,000-க்குள் என்றால், 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆவது பிரிவில் முழுத் தொகைக்கும் கார்டு கம்பெனியையும் பொறுப்பாக்கலாம். இனிமேல் கொடுப்பவர்கள், பட்டி ஏறும் முன் வெறும் தகட்டை நேரில் பார்த்த பிறகுதான் அடுத்த தவணை என்று எழுதி வாங்குங்கள். அதற்கு ஒத்துக்கொள்ளாத பட்டறையில் வண்டியை இறக்க வேண்டாம்.

என் அறிக்கை கார்டு கம்பெனியிடம் இருக்கிறது, பதில் வரவில்லை. சரிப்படாவிட்டால் 10,000 பவுண்டு வரையான வழக்குக்கான சிறு கோரிக்கை நீதிமன்றம்தான். இதற்கிடையே பட்டறையின் விளம்பரத்தில் "கையால் அடித்த ஸ்டீல் ஆர்ச்" என்ற வரிக்கு மேல் என் ஆரஞ்சு வண்டியின் படம் இன்னும் இருக்கிறது. எடுக்கச் சொல்லி எழுதியிருக்கிறேன்.