சிலுவை: கடன் தீர்ப்பா, அன்பின் அழைப்பா?

‘பாவத்தின் சம்பளம் மரணம்’ என்கிறது பைபிளில் ரோமர் 6:23. சரி, பாவமே செய்யாத இயேசு அந்தச் சம்பளத்தை ஏன் வாங்கினார்? இடைக்கால ஐரோப்பாவில் இதற்கு இரண்டு பதில்கள் வந்தன.

1093இல் கேன்டர்பரி பேராயரான அன்செல்முக்குப் பாவம் என்பது கடன். கடவுளுக்குச் சேரவேண்டிய மரியாதையைக் கொடுக்காமல் வைத்திருப்பது. சின்னப் பாவம் என்று ஒன்று உண்டா? ‘அந்தப் பக்கம் பார்க்காதே’ என்று கடவுள் சொல்லியிருந்தால், உலகமே அழிவதாக இருந்தாலும் ஒரு பார்வைகூடக் கூடாது என்கிறார். அவ்வளவு கனம். அடைக்க வேண்டியவன் மனிதன். அடைக்க முடிந்தவர் கடவுள் மட்டும். ஆகவே கடவுளும் மனிதனுமான ஒருவர் தேவைப்பட்டார். பிரபு, அவருக்குக் கட்டுப்பட்ட குடி, மானம் என்று அன்றைய நிலவுடைமைச் சமூகத்தின் வாசனை இதில் தூக்கலாகவே அடிக்கும். கணக்கு மட்டும் கச்சிதம்.

அவருக்கு அடுத்த தலைமுறையில் பாரிஸில் பாடம் நடத்திய அபெலார்டுக்கு அந்தக் கணக்கே பிடிக்கவில்லை. குற்றமற்றவரின் ரத்தத்தை விலையாகக் கேட்பது கொடுமை அல்லவா என்றார். அவர் பார்வையில் சிலுவை நம்முள் அன்பை மூட்டுகிறது. அந்த அன்புதான் பாவத்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுவிக்கிறது. அப்படியானால் கிறிஸ்து வெறும் முன்மாதிரிதானா என்று கிளேர்வோ மடத்தின் தலைவர் பெர்னார்ட் பாய்ந்தார்.

என் மனசு அபெலார்டு பக்கம்தான் சாயும். இயேசு சொன்ன கெட்ட குமாரன் கதையில், சொத்தை அழித்துவிட்டுத் திரும்பி வந்த மகனிடம் தகப்பன் கடன் கணக்கு கேட்கவில்லையே, ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறான். ஆனால் அநியாயமாகப் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாயின் முன்னால் நின்று ‘அன்பு போதும்’ என்று சொல்ல எனக்கு வாய் வராது. அங்கே அன்செல்மின் கனம்தான் பேசுகிறது.