தோள்வலிக்கு 30 நாள் சிகிச்சையா? பணம் கட்டுமுன் இதைப் படியுங்கள்

படிக்கட்டில் கால் இடறி விழுந்தபோது வலது கையைத் தரையில் ஊன்றிவிட்டேன். எலும்பு முறியவில்லை என்று எக்ஸ்ரே காட்டியது. வலி மட்டும் போகவில்லை. மூன்று வாரம் கழித்தும் தலை வாரக் கை எழவில்லை. தூக்கத்தில் அந்தப் பக்கம் புரண்டால் சுரீரென்று விழிப்பு வந்துவிடும். அந்தத் தவிப்பில்தான் மூட்டு வலிக்கென்றே நடத்தப்படும் ஒரு சிகிச்சை மையத்துக்குப் போனேன்.

அதே எக்ஸ்ரேயை விளக்கில் தூக்கிப் பிடித்து, "தசை கிழிந்திருக்கிறது, 30 நாள் சிகிச்சை, மொத்தமாகக் கட்டினால் சலுகை" என்றார்கள். கட்டினேன். எக்ஸ்ரேயில் தசையோ, தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணோ கிழிந்திருப்பது தெரியாது. அதைப் பார்க்க அல்ட்ராசவுண்டோ எம்.ஆர்.ஐ.யோ எடுக்க வேண்டும். அன்று எனக்கு இது தெரியாது. அவர்களுக்குத் தெரியும். இன்றும் என் மனம் ஆறாதது இதனால்தான்.

கையைக் கழுத்தோடு தூக்குத் துணியில் கட்டி, நாள் முழுக்க அசைக்கக் கூடாது என்றார்கள். தினமும் போய்ப் படுத்தால் தோளில் ஒரு சூட்டுக் கருவியை வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். 20 நிமிடம் கழித்து மணியடிக்கும். எழுந்து வர வேண்டியதுதான். என் கையை ஒருவரும் ஒருநாளும் தூக்கிப் பார்க்கவில்லை. இடையில் இரண்டு ஊசி போட்டார்கள். என்ன மருந்து என்று கேட்டதற்கு "வலிக்கு" என்று மட்டும் பதில். ஒவ்வொரு முறையும் சில நாட்களுக்குச் சர்க்கரை தாறுமாறாக ஏறியது. அந்த ஊசி சர்க்கரையை ஏற்றக்கூடிய ஸ்டீராய்டு என்பது பிறகுதான் தெரிந்தது. எனக்கு நீரிழிவு உண்டு என்பதை முதல் நாளே எழுதிக் கொடுத்திருந்தேன்.

22ஆம் நாள் மேசையில் என் அட்டை திறந்து கிடந்தது. ஒவ்வொரு தேதிக்கு நேராகவும் ஒரே கையெழுத்தில் "முன்னேற்றம் உள்ளது". மறுநாள் தேதிக்கும் எழுதியிருந்தது. அதற்கடுத்த நாளுக்கும்! கேட்டதற்கு, "வேலை சுலபமாக இருக்கட்டுமென்று எழுதுவது" என்றார் அங்கிருந்த பெண். பாவம், அவருக்கு இட்ட வேலை அது. மீதிப் பணத்தைக் கேட்டேன். கட்டியதைத் திருப்பித் தரும் வழக்கமில்லை என்றார்கள்.

பிறகு பார்த்த எலும்பு மருத்துவர் கருவி எதையும் தொடவில்லை. கையைத் தளர்வாக விடச் சொல்லி, தானே தூக்கினார்; தோளுயரத்துக்கும் கீழேயே முட்டி நின்றது. முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து முன்கையை வெளிப்புறம் திருப்பினார், அசையவே இல்லை. "தசைநாண் மட்டும் கிழிந்திருந்தால், உங்களால் முடியாவிட்டாலும் நான் தூக்கும்போது கை மேலே போகும். இது மூட்டைச் சுற்றியுள்ள உறை இறுகிப்போன தோள்" என்றார். ஃப்ரோசன் ஷோல்டர் என்பார்களே, அதுதான். நீரிழிவு உள்ளவர்களுக்கு அடிபடாமலும் வரக்கூடியது என்பதால் முழுப் பழியையும் அந்த மையத்தின் மேல் போட மாட்டேன். ஆனால் இறுகத் தொடங்கிய தோளை வாரக்கணக்கில் கட்டிப்போட்டதற்கு அவர்கள்தான் பொறுப்பு.

அதன்பின் பயிற்சிகள்தான். முதலில் குனிந்து நின்று கையைத் தொங்கவிட்டு மெல்ல ஆட்டுவது. பிறகு சுவரில் விரல்களால் நடந்து ஏறுவது. எட்டிய இடத்தில் என் மகள் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுவாள். முதல் மூன்று கோடுகள் ஒரே இடத்திலேயே விழுந்தன. அப்போது அழுதிருக்கிறேன். ஏழாவது மாதத்தில்தான் கை தலைக்கு மேல் போனது.

தோள்வலியோடு அலைகிறவர்களே, முதல் நாளே கையை எல்லாத் திசையிலும் அசைத்துப் பார்த்து, எவ்வளவு தூரம் போகிறது என்று குறித்துக்கொள்ளாத இடத்தில் பணம் கட்டாதீர்கள். ஊசியின் பெயரைக் கேளுங்கள். சர்க்கரை இருந்தால் இரண்டு முறை கேளுங்கள். கையைக் கட்டச் சொன்னால் எத்தனை நாள், ஏன் என்று கேளுங்கள். இறுகிய தோளை ஒரே இழுப்பில் சரிசெய்கிறேன் என்று யாராவது கையைப் பிடித்து முறுக்க வந்தால் விலகிவிடுங்கள், எலும்பே முறியலாம். உங்கள் சிகிச்சை அட்டையை அவ்வப்போது வாங்கிப் படியுங்கள், நாளைய தேதி வரைக்கும்.

இப்போது 14 மாதம் ஆகிறது. தலை வாருகிறேன். முதுகுக்குப் பின்னால் மட்டும் இன்னும் ஒரு சாண் எட்டவில்லை.