நலிந்த குதிரைக்கு எடை டேப் வாங்கலாமா?

கவனிப்பாரில்லாமல் எலும்பும் தோலுமாகிப் போன ஒரு குதிரையை மீட்டு வைத்திருக்கிறீர்களா? அப்படியானால் இந்த எடை டேப்பை வாங்குங்கள், ஆனால் அதில் கிலோ என்று அச்சடித்திருக்கும் பக்கத்தை அப்படியே நம்பாதீர்கள்.

பார்க்கத் தையற்காரர் டேப்பின் நீளமான வடிவம்தான், ஒரு பக்கம் சென்டிமீட்டர், மறுபக்கம் கிலோ. முன்னங்கால் உடம்போடு சேரும் இடத்துக்குச் சற்றுப் பின்னால் நெஞ்சைச் சுற்றிக் கொண்டுவந்து, பிடரி முடிகிற மேட்டுக்குப் பின்னால் சேர்த்துப் பிடித்து, குதிரை மூச்சை வெளியே விட்டதும் படிக்க வேண்டும். நிற்கவே தள்ளாடும் குதிரையை எடை மேடை இருக்கும் இடத்துக்கு வண்டியில் ஏற்றி அலைக்கழிக்காமல் லாயத்திலேயே வேலை முடிகிறது, அதுவே எனக்குப் பெரிய விஷயம்.

கிலோ கணக்கு ஏன் தவறுகிறது என்றால், அது சராசரி உடற்கட்டுள்ள, நன்றாகத் தின்று வளர்ந்த குதிரைகளை வைத்துப் போட்டது. சதை கரைந்து போனாலும் நெஞ்சுக்கூட்டின் எலும்பு சுருங்குவதில்லை, அதனால் சுற்றளவு ஓரளவுக்கு மேல் குறையாது. இதைவிட நல்ல வழி, சென்டிமீட்டர் பக்கத்தைப் பயன்படுத்துவது: நெஞ்சுச் சுற்றளவை அதனாலேயே பெருக்கி, தோள் முனையிலிருந்து பின்புட்ட முனை வரையுள்ள நீளத்தாலும் பெருக்கி, 11,880 ஆல் வகுத்தால் கிலோ வரும். சுற்றளவு 160, நீளம் 150 என்றால் ஏறக்குறைய 323 கிலோ. இதுவும் மதிப்பீடுதான், ஆனால் வாரம் ஒருமுறை அதே ஆள், அதே நேரத்தில், அதே இடத்தில் அளந்து எழுதி வைத்தால் எடை ஏறுகிறதா நின்றுவிட்டதா என்பது தெளிவாகத் தெரியும். டேப்பின் உண்மையான பயன் அதுதான்.

குடற்புழு மருந்தின் அளவைக் கணக்கிடவும் இந்த எடை வேண்டும், குறைவாகக் கொடுத்தால் புழுக்களுக்கு மருந்து பழகிவிடும். அதற்காகப் புழு மண்டிய, பலவீனமான குதிரைக்கு நீங்களாகவே எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். மொத்தப் புழுவும் ஒரே நேரத்தில் சாவதே குடலுக்கு ஆபத்தாகலாம். எந்த மருந்து, எப்போது என்பதைக் கால்நடை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். கடைவாய்ப் பற்களையும் அவரிடமே காட்டிவிடுங்கள், மெல்ல முடியாத குதிரைக்கு எவ்வளவு போட்டாலும் உடம்பில் ஒட்டாது.

அப்புறம் ஒன்று, இதை அழுத்தியே சொல்கிறேன். முதல் பத்து நாள் டேப்பை எடுக்கவே எடுக்காதீர்கள். எண் ஏறவில்லையே என்ற தவிப்பில் தானியத்தை அள்ளிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், அன்பினால்தான் போடுகிறார்கள், ஆனால் பாதிக் குதிரையைப் பசி கொன்றது என்றால் மீதியை அந்தத் தானியம் கொன்றுவிடும். பட்டினியில் கிடந்த உடம்பு கொழுப்பையும் தசையையும் எரித்துப் பழகியிருக்கும். திடீரென்று மாவுச்சத்து வந்ததும் இன்சுலின் சுரந்து, ரத்தத்தில் இருக்கும் பாஸ்பரஸ், மெக்னீசியம், பொட்டாசியம் எல்லாம் செல்களுக்குள் போய்விடும். ரத்தத்தில் அவை குறைந்து இதயமும் மூச்சும் தடுமாறி, தீனி போட ஆரம்பித்த மூன்று முதல் ஐந்து நாளுக்குள்ளேயே குதிரை செத்துப்போகலாம். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் ஆராய்ந்து தந்த முறைப்படி, முதல் மூன்று நாள் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை அரை கிலோவுக்கும் சற்றுக் குறைவாகக் காய்ந்த குதிரைமசால் (அல்ஃபால்ஃபா என்கிற தீவனப் பயிர்) மட்டும். பிறகு பத்தாம் நாள் வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். முழுமையாகத் தேற ஆறிலிருந்து பத்து மாதம் கூட ஆகும்.

அந்த நாட்களில் டேப்புக்குப் பதிலாகக் கையைப் பயன்படுத்துங்கள். 1983இல் ஹென்னிக்கி என்ற ஆய்வாளரின் குழுவினர் வெளியிட்ட, உடம்பில் எவ்வளவு கொழுப்பு இருக்கிறது என்று காட்டும் 1 முதல் 9 வரையிலான உடல்நிலை மதிப்பெண் இருக்கிறதே, அதற்குக் கழுத்து, பிடரி மேடு, தோள், விலா, முதுகு, வாலடி என்று ஆறு இடங்களில் தொட்டுப் பார்த்தால் போதும். 1 என்றால் கொழுப்பே இல்லாத நிலை. அடர்ந்த குளிர்கால முடி விலாவைக் கண்ணுக்கு மறைத்துவிடும், கைக்கு மறைக்காது.

பொருளின் தரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். துணி டேப் வாங்காதீர்கள், இழுத்து இழுத்து நீண்டுவிடும். நீளாத பிளாஸ்டிக் அல்லது கண்ணாடியிழை டேப்பாகப் பாருங்கள். விறைப்பாகச் சரசரக்கிற டேப், அடி வாங்கிப் பயந்து கிடக்கும் குதிரையை மிரள வைக்கும். முதலில் முகர்ந்து பார்க்கக் கொடுத்து, தோளில் சும்மா உரசிப் பழக்கிவிட்டுச் சுற்றினால் சரி.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். குட்டிகளுக்கும் சினைக் குதிரைகளுக்கும் மட்டும் இது வேண்டாம், கணக்கு பொருந்தாது.